ஒன்பதரை அடி மரமும் ஐந்து வில்லைகளும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காது மூடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு, சளி இருமல் என்று எதுவும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலமும் வந்திருக்கும், அதை இப்போது பிரிக்காதே. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிற ஆள் நீ, அதனால்தான் ஆரம்பத்திலேயே உன் கையைக் கட்டிவிடுகிறேன். முழுவதையும் படி, அப்புறம் பிரி. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லலாம்தான், ஆனால் போனில் ஆரம்பித்தால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ என்னவோ ஏதோ என்று பதறிப்போவாய், உன் தங்கை பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்றேன் நான் சொல்றேன் என்று பிடுங்குவாள். தவிர, பொட்டலத்தைப் போனில் அனுப்ப முடியாதே.

முதலில் சந்தோஷமான சேதி. நம் வீட்டுக்கு இந்த வருஷம் நிஜ கிறிஸ்துமஸ் மரம் வந்துவிட்டது! பட்டையும் பிசினும் முள்முள்ளாய் இலையுமாக, போன வாரம் வரைக்கும் மண்ணில் நின்ற மரம். நான் முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்தால் நேர் எதிரே தெரிகிறது, நாலு தையல் போட்டுவிட்டு ஒரு தடவை எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன், ஒரு சட்டையைத் தைத்து முடிக்க இரண்டு நாள் ஆகிறது. ஆறு வயதில் கடைக்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டு தொங்கி நீ வாங்க வைத்தாயே அந்தப் பிளாஸ்டிக் மரம், இத்தனை வருஷமாக அதுதானே நமக்கு எல்லாம். ஒரு பக்கம் கொட்டிப்போய், அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்போம், நீகூட வழுக்கை மாமா என்று பேர் வைத்தாய். உடைந்த காலுக்கு உன் அப்பா கட்டைக்கால் செய்து போட்டார். வழுக்கை மாமா பத்திரமாகப் பரணில்தான் இருக்கிறார், கவலைப்படாதே, அவரை யாரும் தூக்கிப் போடவில்லை.

இப்போது உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. போன வருஷம் மழைக்காலத்தில் எங்கள் மூன்று பேருக்கும் காய்ச்சல் வந்தது, அதை உனக்குச் சொன்னோம். ஒரு வாரத்தில் போயிற்று என்றும் சொன்னோம். போகும்போது அது உன் அப்பாவின் மூக்கையும் கொண்டுபோய்விட்டது, அதைத்தான் சொல்லவில்லை. நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வந்திருந்தேன். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகி, புகை முன்னறை வரைக்கும் வந்துவிட்டது, ஓடிப்போய்ப் பார்த்தால் மனுஷன் அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். நான் கத்தியதும் நிமிர்ந்து, என்ன ஆச்சு என்று கேட்டார் பார், அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். மற்றவர்களுக்கு மூக்கு போனால் சாப்பாட்டு ருசி போகும், அவ்வளவுதான். உன் அப்பாவுக்கு அப்படியா? சீவின சுருளைக் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்து, இது தேக்கு, இது பைன், இது உங்க தலையில எவனோ கட்டின மட்ட மரம் என்று சொல்லுகிற ஆள் அவர். நீயும் சின்ன வயதில் அவருடைய தச்சுப் பட்டறைக் குப்பையைக் கிளறி விதவிதமாகப் பொறுக்கி எடுத்துவந்து அவரைச் சோதித்துப் பார்ப்பாய், ஒரு தடவையாவது அவர் தோற்றது உண்டா?

காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் போனோம். நரம்பு அடிபட்டிருக்கு, திரும்பி வரலாம், வராமலும் போகலாம், தினமும் நாலு வாசனையை விடாம மோந்து பாருங்க என்றார். கிராம்பு, எலுமிச்சம்பழத் தோல், காபித்தூள், சோப்பு என்று நாலு குப்பியில் போட்டு வைத்தேன். தினமும் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி ஒழுங்காக உட்கார்ந்து மோந்தார், எட்டு மாதம். ஒருநாள் நாலையும் அலமாரிக்குள் தள்ளிவிட்டு, வெறுங்காத்தை மோந்தது போதும் என்று சொல்லிவிட்டார். உனக்குச் சொல்லவே கூடாது என்று அவர் உத்தரவு. அவன் அங்க தனியா இருக்கான், தெரிஞ்சா தூக்கம் போகும், வந்து என் மூக்கைப் பிடிச்சுப் பாத்துட்டா சரியாயிடுமா என்பார். அந்த நேரத்தில்தானா அவர் பிறந்தநாளுக்கு நீ செண்ட் பாட்டில் வாங்கி அனுப்ப வேண்டும்? பெட்டியைப் பிரித்ததும் எனக்குத் திக்கென்றது. உன் அப்பா மூடியைத் திறந்து மூக்கருகில் பிடித்துக்கொண்டு, ரொம்ப நல்ல வாசனைடா, உன் ரசனையே தனி என்று போனில் உன்னிடம் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? அதை வைத்துவிட்டு வெகுநேரம் சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆனாலும் பிள்ளை கொடுத்தது என்று தினமும் போட்டுக்கொள்கிறார், எவ்வளவு போடுவது என்றுதான் தெரியவில்லை. தண்ணீர் தெளிக்கிற மாதிரி தெளித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர்கள் சன்னலைத் திறக்கிறார்கள். அளவு கொடுக்க வந்த பெண் ஒருத்தி ஏழு தும்மல் தும்மினாள், நான் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒரு வருஷம் ஓட்டினேனடா.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் சொன்னார், வருஷக் கடைசியோட பட்டறைச் சாவியைக் குடுத்துடறேன், மரத்தை அறுத்தா அட்டையை அறுக்கிற மாதிரி இருக்கு, அங்க இனிமே எனக்கு என்ன இருக்கு என்று. மரம் அறுக்கிற வாளையும் உளியையும் பழைய போர்வையில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறை இல்லாமல் உன் அப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதை உன்னால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? என்னால் முடியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் தைத்த துணியைக் கொடுக்க ஒரு வாடிக்கைக்காரி வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாசனை, மரமும் பிசினும் பச்சையுமாக, வந்த காரியமே மறந்து வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே நிஜ கிறிஸ்துமஸ் மரம். எங்கே வாங்கினாய் என்று கேட்டு நம்பரை வாங்கிக்கொண்டேன். டாக்டரம்மாவின் நாலு குப்பியில் வராதது இதில் வந்துவிடுமா என்று எனக்கும் தெரியாது, ஆனால் இவருக்கு மரம்தானே எல்லாம், கிராம்பு யாருக்கு வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் இந்த வருஷம் நிஜ மரம்தான் என்று அறிவித்தேன், காரணத்தைச் சொல்லவில்லை. உன் அப்பா, பத்து நாள்ல கொட்டிப்போறதுக்கு எதுக்கும்மா என்றார். எனக்கு ஆசையாக இருக்கிறது என்று சொன்னேன். உன் தங்கை என் முகத்தைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது.

இனிமேல்தான் கூத்து. எத்தனை அடி வேண்டும் என்று சொன்னால் அந்த அளவுக்கு மரத்தை வெட்டி வைப்பார்களாம். நம் வீட்டுத் தரையிலிருந்து கூரை எட்டடி, உச்சியில் நட்சத்திரத்துக்கு இடம் விட்டால் ஏழரை அடி சரியாக இருக்கும். உன் அப்பாதான் அளந்தார், சீட்டிலும் அவர்தான் எழுதினார். ஆனால் தச்சன் கை சும்மா இருக்குமா, குறைஞ்சா ஒட்ட முடியாது கூடினா சீவிக்கலாம் என்று மனசுக்குள் ஒரு அரை அடியைச் சேர்த்து எட்டு என்று எழுதிவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை. சீட்டு என்னிடம் வந்தது. நான் இத்தனை வருஷத்தில் ஒரு துணியையாவது சொன்ன அளவுக்கே வெட்டியிருக்கிறேனா? தையலுக்குப் பிடிக்க வேண்டும், மடித்து அடிக்க வேண்டும், கை தன்னால் எட்டை எட்டரை ஆக்கிவிட்டது. நான் அதை உன் தங்கையிடம் கொடுத்தேன். அவள்தான் சாமான் வண்டி ஓட்டுகிறவளாயிற்றே, எதை ஏற்றினாலும் ஒரு அடி கூடவே கணக்குப் பண்ணித்தான் கயிறு கட்டுவாள். அடித்தண்டு தொட்டிக்குள் போய்விடும் என்று அவளாகவே ஒரு அடியைக் கூட்டி, போனில் கம்பீரமாக ஒன்பதரை என்று சொல்லியிருக்கிறாள்.

சனிக்கிழமை காலையில் அவளே வண்டியில் போய் ஏற்றிக்கொண்டு வந்தாள். வலையில் இறுக்கிக் கட்டியிருந்ததால் தெருவில் பார்க்கும்போது ஒல்லியாகத்தான் தெரிந்தது, நீளத்தை எங்களில் ஒருத்தரும் கவனிக்கவில்லை, அவ்வளவு பரபரப்பு. மேல்வீட்டுத் தபால்காரர், அவர்தான் வேலையிலிருந்து ஓய்வு வாங்கி வீட்டில் இருக்கிறாரே, இறங்கி வந்து ஒரு கை பிடித்தார். வாசலில் நுழைத்து உள்ளே தள்ளத் தள்ள மரம் வந்துகொண்டே இருக்கிறது. நுனி சமையலறைக்குள் போய்விட்டது, அடி இன்னும் வாசற்படியில் கிடக்கிறது. உன் தங்கை அவசரப்பட்டு வலையை அறுத்தாள், அவ்வளவுதான், கிளையெல்லாம் விசிறிக்கொண்டு ஒன்று சுவர்க் கடிகாரத்தைத் தட்டிவிட்டது, இன்னொன்று என் நூல்கண்டுப் பெட்டியைக் கவிழ்த்தது, தபால்காரர் மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு குரல் மட்டும் கொடுக்கிறார். தூக்கி நிறுத்திப் பார்க்கலாம் என்றால் பாதி நிமிர்ந்ததுமே நுனி கூரையில் முட்டி வளைந்துவிட்டது. தபால்காரர் உள்ளேயிருந்து, ஒண்ணும் கவலைப்படாதே தங்கச்சி, கூரையில ஒரு ஓட்டை போடுங்க, நுனி எங்க வீட்டுக்கு வரட்டும், நட்சத்திரத்தை நாங்க கட்டிக்கறோம் என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்துவிட்டது.

அப்புறம் யார் அளவு தப்பு என்று பஞ்சாயத்து. உன் அப்பா, நாப்பது வருஷத்துல நான் ஒரு நூல் தப்பா அளந்ததில்ல என்று சீட்டைக் கேட்டார். சீட்டில் அவர் எட்டை நான் அடித்து எட்டரை எழுதியிருக்கிறேன், உன் தங்கை அதன் கீழே ஒன்பதரை என்று வட்டம் போட்டிருக்கிறாள். மூன்று பேரும் ஆளுக்கு ஆள் திருட்டு முழி முழித்தோம். வெட்டித்தான் ஆகணும், யார் வெட்டறது என்று உன் தங்கை கேட்டாள். கேட்டுவிட்டு அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். தபால்காரர் விஷயம் தெரியாமல், என்கிட்ட ஒரு வாள் இருக்கு, துருப்பிடிச்சிருக்கு, இருந்தாலும் இழுக்கும் என்றார். அவ்வளவுதான், உன் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. துருப்பிடிச்ச வாளா, மரத்தைக் கடிச்சுத் துப்பவா என்று எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து அந்தப் போர்வை மூட்டையை இழுத்தார்.

மரத்தை என் துணி வெட்டும் மேஜையில் கிடத்தினோம், தங்கை தண்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். உன் அப்பா இரண்டடி அளந்து கோடு போட்டார், மூன்று தடவை அளந்தார், இந்த வீட்டில் யாரையும் நம்ப முடியாது என்று முணுமுணுத்துக்கொண்டே வாளை இழுத்தார். சரக் சரக் என்று அந்தச் சத்தம், எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு. பாதித் தண்டு வரைக்கும் போனது வாள், சட்டென்று நிறுத்திவிட்டார். தலையைக் குனிந்தபடி அசையாமல் நிற்கிறார். என்னங்க, நெஞ்சு ஏதாவது வலிக்குதா என்று கிட்டே போனேன். பேசாதே என்று ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு மறுபடியும் இழுத்தார், இரண்டடிக் கட்டை தொப்பென்று விழுந்தது. அளவு சரியாகிவிட்டது, வேலை முடிந்தது என்று நாங்கள் தூக்கப் போனால், இருங்க, வெட்டு வாய் சரியில்ல என்று இன்னும் மூன்று விரல் தள்ளி வாளை வைத்தார். ஒரு வில்லை விழுந்தது. இருங்க, தண்ணி உறியணும்னா புது வெட்டு வேணும் என்று இன்னொன்று. மூன்றாவதுக்கு என்ன காரணம் சொன்னார் என்றே நினைவில்லை, நாலாவதுக்கு அவர் காரணமே சொல்லவில்லை. உன் தங்கை, அப்பா, இப்படியே போனா மரத்தைப் பூச்சட்டியிலதான் வைக்கணும் என்று கத்தப் போனவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். ஐந்தாவது வில்லையை அவர் கீழே விழவிடவில்லை, கையில் பிடித்து மூக்கோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடி வரைக்கும் வழிகிறது, துடைக்கக்கூட இல்லை. வருதும்மா என்றார். ரொம்பத் தூரத்துல, அடுத்த ரூம்ல யாரோ பென்சில் சீவுற மாதிரி வருது, நிறுத்தினா போயிடுமோன்னுதான் அறுத்துக்கிட்டே இருக்கேன் என்றார். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன், தங்கை தண்டின் மேல் உட்கார்ந்தபடியே அழுதாள், மரத்துக்கு அந்தப் பக்கம் தபால்காரர் என்னாச்சு என்னாச்சு, யாருக்கு அடிபட்டுச்சு என்று அலறுகிறார், அவரை வெளியே எடுக்கவே மறந்துபோனோம்.

அதனால் நமது முதல் நிஜ மரம் வழுக்கை மாமாவைவிட நாலு அங்குலம் குட்டை. ஒன்பதரை அடிக்குச் சொல்லி வாங்கி இப்படி நிற்கிறதே என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். என் பழைய முக்காலியின் மேல் தொட்டியை வைத்து உயர்த்தியிருக்கிறேன். மிச்சப் பட்டன்களையெல்லாம் நூலில் கோத்து மாலையாகப் போட்டாயிற்று, எழுத்து அழிந்துபோன என் அளவு டேப்பைச் சுற்றிவிட்டாள் உன் தங்கை, இனி யாரும் தப்பாக அளக்க வேண்டாமாம். டாக்டரம்மாவிடம் ஒரு வில்லையோடு போனோம், அவருக்கும் சந்தோஷம், ஆனால் மெதுவாகத்தான் வரும், ஒருநாள் இருக்கும் ஒருநாள் இருக்காது, குப்பியை விட்டுடாதீங்க என்று சொன்னார். அது உண்மைதான், நேற்று சோப்பு தெரிந்தது, காபி தெரியவில்லை, இன்றைக்குக் காபி லேசாகத் தெரிந்தது, சோப்பு போயிற்று. உன் அப்பா அதற்கெல்லாம் அசரவில்லை. திங்கட்கிழமை காலையில் வாளைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார், சாவி அவர் இடுப்பிலேயேதான் இருக்கிறது, யாரிடமும் கொடுக்கப் போவதில்லை. ஒரு வில்லையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார், ஒன்று டாக்டரம்மா மேஜையில், ஒன்று தபால்காரர் வீட்டில், ஒன்று என் மெஷின் இழுப்பறையில். உன் தங்கைக்கு எனக்கில்லையா என்று கோபம், அந்த இரண்டடிக் கட்டையை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டோம். ஐந்தாவதுதான் உனக்கு வந்திருப்பது.

நீ நல்ல உடம்போடு, நல்ல மனசோடு, தொட்ட வேலையெல்லாம் துலங்கி நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று நாங்கள் தினமும் உன்னை நினைத்து வேண்டிக்கொள்கிறோம். உடம்புக்கு ஏதாவது என்றால் என்னைப் போல மறைக்காதே, உடனே சொல். தொப்பியை மறக்காதே. இப்போது பொட்டலத்தைப் பிரி, பிரித்ததும் முதலில் மோந்து பார், என்ன வாசனை வருகிறது என்று ஒன்றுவிடாமல் எழுது, தனக்கு வருவதும் உனக்கு வருவதும் ஒன்றுதானா என்று ஒத்துப்பார்க்க அப்பா காத்துக்கொண்டிருக்கிறார். இன்னொன்றும் சொல்லச் சொன்னார். இன்று காலையில் உன் செண்ட் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, ஐயோ இதையா ஒரு வருஷமா இப்படிக் கொட்டிக்கிட்டுத் திரிஞ்சேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் ஒரே ஒரு சொட்டு எடுத்துக் காலரில் தடவிக்கொண்டு என்னிடம் சொன்னது இதுதான்: அவனுக்கு எழுது, வாசனை ரொம்ப நல்லா இருக்குன்னு. போன வருஷம் சொன்னது பொய், இப்ப சொல்றதுதான் நிஜம்னு எழுது.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா